பஸ்ஸில் நிற்பவர் எந்தப் பக்கம் விழுவார்

நான் எப்படி விழுந்தேன் என்று எனக்கே பாடம் எடுத்தார்கள். விழுந்ததுகூட எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. முதுகுவலி ஒரு மாதத்தில் பாதியாகக் குறைந்துவிட்டது. அந்தப் பாடத்தை நினைத்தால்தான் இப்போதும் காது சூடாகிறது.

துபாயில் ஒரு பள்ளிக்கூட பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேலை எனக்கு. ஆபீஸ் காகிதத்தில் அட்டெண்டன்ட். பிள்ளைகளுக்கு ஆன்ட்டி. சில அம்மாக்களுக்கு வெறும் 'ஹலோ'. பச்சை மேல்சட்டை, கழுத்தில் அட்டை, கையில் கம்பெனி கொடுத்த போன். காலை ஐந்தே முக்காலுக்கு டிரைவர் வண்டியைக் கராமாவுக்குக் கொண்டுவருவார். எங்கள் வீடும் அங்கேதான்; இரண்டு குடும்பம் சேர்ந்து எடுத்த பழைய ஃபிளாட்டில் ஓர் அறை. இறங்கி ரோட்டைத் தாண்டினால் பஸ்.

பிள்ளை ஏறினால் போனில் அதன் பெயரைத் தட்ட வேண்டும். பையை வாங்கிக் கீழே வைக்க வேண்டும். உட்காரவைத்து பெல்ட் போட வேண்டும். பெரிய பிள்ளைகள் தாங்களே போட்டுக்கொள்ளும். கே.ஜி. பிள்ளைகளின் விரலுக்கு அந்தக் கொக்கி மசியாது, நாம்தான் குனிந்து மாட்ட வேண்டும். எல்லாருக்கும் போட்டாயிற்று என்று பார்த்துவிட்டு, முன்னால் கதவோரம் இருக்கும் என் சீட்டில் உட்கார்ந்து, என் பெல்ட்டையும் போட்டுக்கொண்ட பிறகுதான் வண்டி நகர வேண்டும். வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு இதைப் படமெல்லாம் போட்டுக் காட்டினார்கள். புரிந்தது என்று கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள்.

அந்தக் கையெழுத்தோடு அந்த விதியின் வேலை முடிந்தது. மறுநாள் கையில் கொடுத்தது நேரப்பட்டியல். ஒரு நிறுத்தத்துக்கு ஒரு நிமிஷம். அந்த ஒரு நிமிஷத்தில் ஆறு பிள்ளைகள் ஏற வேண்டும். அதில் ஒன்று தூக்கக் கலக்கத்தில் அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு அழும், இன்னொன்று தண்ணீர் பாட்டிலை மறந்துவிட்டு லிஃப்டுக்கு ஓடும். ஒரு நிமிஷம் இரண்டானால் வண்டியில் இருக்கும் கருவி ஆபீஸுக்குச் சொல்லிவிடும். உடனே போன் வரும், ஏன் வண்டி நிற்கிறது என்று. அதனால் எல்லா வண்டியிலும் நடப்பது ஒன்றுதான். கடைசிப் பிள்ளையின் கால் படியில் பட்டதும் கதவு மூடும், வண்டி கிளம்பும். ஓடுகிற வண்டியில் நின்றுகொண்டு, ஒரு கையால் சீட்டைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பெல்ட் மாட்டுவோம். எனக்கென்று ஒரு சீட்டு இருந்தது. அதில் என் சாப்பாட்டுப் பைதான் சொகுசாக உட்கார்ந்து வந்தது.

சேர்ந்த புதிதில் நான் விதிப்படி செய்துபார்த்தேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள், நாலு நிமிஷம் தாமதம். எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். இரண்டாவது கடிதம் வந்தால் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டோம் என்று அதிலேயே அடியில் எழுதியிருந்தது. அன்றையிலிருந்து நானும் நிற்கக் கற்றுக்கொண்டேன்.

நான் ஒன்பதாம் வகுப்பு படித்தது விருதுநகர் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில், தமிழ் வழியில். விசையும் இயக்கமும் பாடத்தில் ஒரு பஸ் படம் இருந்தது. எதையும் பிடிக்காமல் நடுவில் ஒருவர் நிற்பார். பஸ் சட்டென்று நின்றதும் அவர் முகம் குப்புறச் சாய்வார். காரணம் கூறு என்று கேள்வி. நிலைமம் என்று பதில். ஓய்வில் இருப்பது ஓய்விலேயே இருக்கும், ஓடுவது ஓடிக்கொண்டே இருக்கும், வெளியிலிருந்து ஒரு விசை வந்து அதை மாற்றுகிற வரைக்கும். இதை நாற்பது பேரும் சேர்ந்து ராகம் போட்டுச் சொல்லுவோம். பரீட்சையில் எனக்கு ஐந்துக்கு ஐந்து. தினமும் டவுன் பஸ்ஸில் நசுங்கிக்கொண்டுதான் அந்தப் பள்ளிக்கூடத்துக்கே போனோம். பாடத்தில் இருக்கும் பஸ்ஸும் இந்த பஸ்ஸும் ஒன்றுதான் என்று எந்த வாத்தியாரும் சொல்லவில்லை. எனக்கும் தோன்றவில்லை. மார்க் வந்துவிட்டது, அப்புறம் எதற்குத் தோன்ற வேண்டும்?

எங்கள் பஸ்ஸில் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி வருவாள். சென்னைக் குடும்பம், ஆனால் பிறந்து வளர்ந்தது எல்லாம் இங்கே. நாலாவது வரிசையில் ஜன்னலோரம் அவள் இடம். ஏறியதும் புத்தகத்தைப் பிரித்து உதடு அசையப் படிப்பாள். நான் விழுந்த அன்றைக்கு அவள் மடியில் அந்தப் பாடம் விரிந்திருந்தது. தாள் வழவழப்பாக, படம் வண்ணத்தில், எல்லாம் இங்கிலீஷில். நின்றிருந்தவர் டை கட்டியிருந்தார். மற்றபடி அதே ஆள், அதே சாய்வு.

"இதத்தான் நாங்களும் படிச்சோம்" என்றேன்.

"அடுத்த வாரம் டெஸ்ட் ஆன்ட்டி. இனர்ஷியா" என்றாள், தலையைத் தூக்காமல்.

மூன்றாவது நிறுத்தத்தில் ஒரு கே.ஜி. குழந்தை ஏறியது. கதவு மூடியது, வண்டி கிளம்பிவிட்டது. நான் குனிந்து அதன் பெல்ட்டை இழுத்து மாட்டினேன். கொக்கி பூட்டிய சத்தம் கேட்டது. நிமிர்ந்து, பின்வரிசைவரை எல்லாரும் பெல்ட் போட்டிருக்கிறார்களா என்று பார்த்தேன். அந்த நேரம் ஒரு டெலிவரி பைக் குறுக்கே புகுந்தது. டிரைவர் முழுப் பலத்தோடு பிரேக்கை மிதித்தார். எனக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான்: கால் இருந்த இடத்திலேயே இருந்தது, நான் இல்லை. மல்லாக்கப் போய் சீட்டுகளுக்கு நடுவே விழுந்தேன். இடுப்பெலும்பு தரையில் மோதிய சத்தம் எனக்கே கேட்டது. தலை ஒரு சீட்டின் இரும்புக் காலில் இடித்தது. பிள்ளைகள் யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. எல்லாருக்கும் பெல்ட் போட்டிருந்தது, நான் போட்டது.

டிரைவர் ஒரு பட்டாணியர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். "பெஹன்! பெஹன்!" என்று என்னைத் தங்கச்சி முறை வைத்துக் கத்திக்கொண்டு வந்தார். பைக்காரன் தப்பித்துப் போயே போய்விட்டான். அந்தப் பெண்ணும் பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஓடிவந்து என் தோளைப் பிடித்துத் தூக்கினாள். தூக்கிக்கொண்டே கேட்டாள் பாருங்கள் ஒரு கேள்வி.

"ஆன்ட்டி, பிரேக் போட்டா ஃபார்வர்ட்தானே விழணும்? நீங்க ஏன் பேக்ல விழுந்தீங்க?"

வலியில் எனக்கு வந்த கோபத்துக்கு அவள் கன்னத்தில் ஒன்று வைத்திருப்பேன். கை தூக்க முடியவில்லை.

கிளினிக்கில் படம் எடுத்தார்கள். எலும்பு முறியவில்லை, உள்காயம்தான் என்றார்கள். மூன்று நாள் லீவு எழுதிக் கொடுத்தார்கள். இரண்டாம் நாளே ஆபீஸிலிருந்து போன். விபத்து ஃபார்ம் தயாராக இருக்கிறது, வந்து கையெழுத்துப் போடுங்கள் என்றார்கள். விழுந்தவள் நான், ஃபார்மை நிரப்பியது யார் என்று கேட்டேன். வாங்கம்மா, வந்து பேசிக்கலாம் என்று பதில் வந்தது. ஒருக்களித்து உட்கார்ந்துகொண்டு டாக்ஸியில் போனேன்.

எங்கள் போக்குவரத்து சூப்பர்வைசர் கோயமுத்தூர்க்காரர். மெக்கானிக்கல் இன்ஜினியர். பேச்சில் வாங்க போங்கவுக்குக் குறைவு இருக்காது. ஃபார்மை என் பக்கம் திருப்பி வைத்து, கையெழுத்துப் போடும் இடத்தில் விரலை வைத்தார். நான் மேலே இருந்ததைப் படித்தேன். காரணம் என்ற கட்டத்தில், பணியாளர் கவனக்குறைவால் கால் வழுக்கி விழுந்தார் என்று இங்கிலீஷில் அச்சடித்திருந்தது. அதோடு குண்டூசி போட்டுக் குத்தியிருந்தது இரண்டாவது எச்சரிக்கைக் கடிதம்.

"நான் வழுக்கல சார். பிரேக் போட்டாரு, விழுந்தேன்."

"பிரேக் போட்டா ஆளு முன்னாடி போயி மூஞ்சீலதானுங்கம்மா அடிபடும்? நீங்க மல்லாக்க விழுந்திருக்கறீங்க. கேமராவுலயும் பாத்தேன். காலு வழுக்குனாத்தான் மல்லாக்க விழுவாங்க. இது ஒம்பதாம் கிளாஸ் ஃபிசிக்ஸுங்க. நானும் மெக்கானிக்கல் படிச்சவந்தான்."

வழுக்கியதாகச் சொன்ன ஷூ கம்பெனி கொடுத்தது. அடியில் வண்டி டயர் மாதிரி ரப்பர் வரி. அதைக் கழற்றி மேஜை மேல் வைத்திருக்க வேண்டும், அப்போது தோன்றவில்லை. என்னை வாயடைக்க வைத்தது வேறு. அவர் சொன்ன படம் எனக்கும் நினைவிருந்தது. டை கட்டியவர், டை கட்டாதவர், இரண்டு பேரும் முகம் குப்புறத்தான் விழுந்தார்கள். அந்தப் பெண்ணும் அதையேதான் கேட்டாள். என் உடம்பு விழுந்த விதம் எனக்கே சந்தேகமாகிவிட்டது. யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். படிக்கட்டில் இறங்கும்போது அழுகை வந்தது. வலியால் இல்லை. ஐந்துக்கு ஐந்து வாங்கிய பாடத்தில் ஒரு வார்த்தை பதில் சொல்லத் தெரியவில்லையே என்றுதான்.

என் வீட்டுக்காரர் ஒரு கிடங்கில் ஸ்டோர் கீப்பர். கஷ்டப்பட்டுக் கிடைத்த இந்த வேலையைக் கெடுத்துக்கொள்ளாதே என்பது அவர் கவலை. "எதுக்கு வம்பு? கையெழுத்தப் போட்டுட்டுப் பேசாம இரு. காண்ட்ராக்ட் புதுப்பிக்கச் சொல்லிக் கெஞ்சிக்கலாம்" என்றார்.

"விழுந்ததுக்கும் நான் கெஞ்சணுமா?" என்றேன். அவர் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டார்.

மறுநாள் மத்தியானம் படுக்கையில் கிடந்தேன். பக்கத்தில் ஒரு தட்டில் சாப்பாடு, வலி மாத்திரை பாட்டில். பாட்டில் தட்டின் மேலேயே நின்றது. தட்டைக் கொஞ்சம் தள்ளிவைக்கலாம் என்று கட்டில் மேல் இழுத்தேன். விரிப்பின் மடிப்பில் தட்டு முட்டி நின்றது. பாட்டில் நிற்கவில்லை. தட்டு போன பக்கமாகவே போய் விழுந்தது. நிமிர்த்தி வைத்தேன். மறுபடி இழுத்தேன், மறுபடி அதே பக்கம். இந்த முறை லேபிள் மேலே பார்த்துக் கிடந்தது. முதல் முறை லேபிள் கீழே அல்லவா இருந்தது? லேபிளை என் பக்கம் வைத்து இழுத்தேன், எதிர்ப்பக்கம் திருப்பி வைத்து இழுத்தேன். பத்துத் தடவையாவது செய்திருப்பேன். லேபிள் எந்தப் பக்கம் பார்த்தால் என்ன, பாட்டில் தட்டு போன பக்கம்தான் விழுந்தது. பாட்டிலுக்கு முகம் ஏது? முதுகு ஏது? ஓடிக்கொண்டிருந்தது ஓடப் பார்க்கிறது, அவ்வளவுதான்.

நான் சத்தம் போட்டுச் சிரித்ததில் பக்கத்து அறைக்காரி கதவைத் தட்டினாள்.

பிள்ளைகள் எல்லாம் டிரைவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கின்றன. அவர்களைப் பார்க்க வேண்டுமென்றால் நான் டிரைவருக்கு முதுகு காட்டித்தான் நிற்க வேண்டும். என் முதுகுப் பக்கம்தான் பஸ் ஓடுகிறது. பஸ் நின்றது, ஷூவின் ரப்பர் தரையைப் பிடித்துக்கொண்டதால் என் காலும் நின்றது, மேலுடம்பு மட்டும் பஸ் போன பக்கம் போயிற்று. வழுக்கியிருந்தால் கால் அல்லவா ஓடியிருக்கும்? புத்தகத்தில் இருப்பவர் பயணி ஐயா, பயணி. அவருக்குப் போகிற பக்கம் பார்த்து நிற்கிற வசதி இருக்கிறது. பஸ்ஸுக்குள் வேலை செய்கிறவளை எந்தப் புத்தகத்தில் படம் போட்டிருக்கிறார்கள்? இருபது வருஷமாக ஒரே ஆளை ஒரே பக்கம் நிற்கவைத்துப் படம் போட்டு, அதை மனப்பாடம் பண்ணவைத்து மார்க்கும் போட்டு, அதில் ஒருவரை இன்ஜினியராக்கி, அவரை என் முதுகுக்குத் தீர்ப்புச் சொல்ல உட்காரவைத்திருக்கிறார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் வலி மறந்துவிட்டது.

அன்று சாயங்காலமே நானாக ஆபீஸுக்குப் போனேன். சூப்பர்வைசர் மேஜைக்குப் பக்கத்தில் ஒரு அட்டைப்பெட்டி இருக்கும், பிள்ளைகள் பஸ்ஸில் விட்டுப்போகும் சாமான் போட்டுவைக்க. ஒற்றை ஷூ, டிபன் டப்பா மூடி, ஸ்வெட்டர். அதற்குள்ளிருந்து ஒரு விரல் நீள பிளாஸ்டிக் பொம்மையை எடுத்தேன். வருகைப் பதிவேட்டை மேஜையில் படுக்கவைத்து, அதன் மேல் பொம்மையை நிற்கவைத்தேன்.

"இதாங்க சார் பஸ்ஸு. இந்தப் பக்கம் போகுது" என்று பதிவேட்டைத் தள்ளி, அவருடைய ஸ்டேப்ளரில் முட்ட விட்டேன். பொம்மை முகம் குப்புற விழுந்தது. அவர் தலையாட்டினார். நான் சொன்னதுதானே என்கிற ஆட்டல். பொம்மையை எடுத்து எனக்கு முகம் தெரிகிற மாதிரி திருப்பி வைத்தேன். மறுபடி தள்ளினேன். பொம்மை மல்லாக்க விழுந்து கூரையைப் பார்த்தது.

"இது வழுக்கிருச்சா சார்?"

அவர் பொம்மையை எடுத்துத் தானே ஒரு தடவை செய்துபார்த்தார். பிறகு பக்கவாட்டில் நிற்கவைத்தும் ஒரு தடவை. அப்போதும் அது பஸ் போன பக்கம்தான் விழுந்தது. அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அந்த ஒரு நிமிஷம் அவரை எனக்குப் பிடித்தது, பொய் சொல்ல மாட்டேன். ஒன்பதாம் வகுப்பில் இதை அவருக்கும் யாரும் செய்துகாட்டவில்லை என்று தெரிந்தது.

"கரெக்டுங்கம்மா. பிரேக்குதான் காரணம்" என்றார். ஃபார்மைக் கையில் எடுத்தார். "அப்ப டிரைவர் மேல எழுதிர்லாமுங்க. ஹார்ஷ் பிரேக்கிங்னு."

"அவரு பிரேக் போடலேன்னா அந்தப் பைக்காரன் செத்திருப்பான் சார்."

"அதுஞ் சரிதானுங்க." பேனாவைத் தட்டிக்கொண்டிருந்தார். சட்டென்று நிமிர்ந்தார். "அதிருக்கட்டும், வண்டி ஓடறப்ப நீங்க எதுக்குங்க நின்னீங்க? உக்காந்து பெல்ட் போட்டாத்தான் வண்டி நகரோணும்னு ரூலு இருக்குதில்ல? நீங்க கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கறீங்களே."

இயற்பியலில் ஜெயித்தேன். ஜெயித்த இயற்பியலையே எடுத்து என் தலையில் போட்டார். வழுக்கி விழுந்தாலும் என் தப்பு, பிரேக்கில் விழுந்தாலும் என் தப்பு. கால் வழுக்கி என்கிற இடத்தில் விதியை மீறி நின்றதால் என்று மாற்றினால் போதும், குண்டூசி குத்திய கடிதம் அப்படியே இருக்கும். நிற்காமல் இருந்ததற்குத்தானே முதல் கடிதம் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். அது டைம் மேனேஜ்மென்ட்டுங்கம்மா, வேற ஃபைல் என்றார். அவர் கிண்டல் பண்ணவில்லை, நிஜமாகவே அப்படித்தான் நினைத்தார். இரண்டு ஃபைலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வேலை அந்தக் கட்டடத்தில் யாருக்கும் இல்லை.

"நாளைக்குள்ள கையெழுத்து வேணுமுங்க" என்று ஃபார்மை என்னிடம் கொடுத்தார்.

மறுநாள் டியூட்டி. முதல் நிறுத்தத்தில் பிள்ளைகள் ஏறின. டிரைவர் வழக்கம்போல் கியரில் கை வைத்தார். "ருகோ பாய்" என்றேன். நிற்கச் சொன்னதும் திரும்பிப் பார்த்தார். ஒவ்வொரு பிள்ளையாகப் பெல்ட் போட்டேன். பின்வரிசைவரை போய்ப் பார்த்தேன். திரும்பி வந்து, சாப்பாட்டுப் பையைக் கீழே இறக்கிவிட்டு, என் சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டேன். அந்த பெல்ட் புத்தம் புதிதாக விறைத்துக்கொண்டு இருந்தது. "அப் சலோ", இப்போது கிளம்பலாம் என்றேன். அவருக்குப் புரிந்துவிட்டது. வண்டியை எடுத்தார்.

இரண்டாவது நிறுத்தத்தில் ஆபீஸ் போன் வந்தது, எடுக்கவில்லை. மூன்றாவதில் ஒரு அம்மா ஜன்னலைத் தட்டி, என்ன இவ்வளவு லேட் என்று கேட்டாள். உங்கள் பிள்ளைக்கு பெல்ட் போட்டுக்கொண்டிருந்தேன் என்றேன். நாலாவது நிறுத்தத்துக்குப் போகும்போது பதினைந்து நிமிஷம் தாமதம். நாலாவது வரிசையிலிருந்து அந்தப் பெண் எழுந்தாள்.

"ஆன்ட்டி ப்ளீஸ், சீக்கிரம் போலாம். ஃபர்ஸ்ட் பீரியட் எனக்கு ஃபிசிக்ஸ் டெஸ்ட்."

அன்றைக்குத்தான் அந்த டெஸ்ட் என்பதை நான் மறந்தே போயிருந்தேன். அவள் கண்ணில் தண்ணீர். ஒரு கை தானாக என் பெல்ட்டின் கொக்கிக்குப் போயிற்று. எழுந்து நின்றால் போதும், வண்டி பறக்கும், அவள் பரீட்சை எழுதிவிடுவாள். எங்களை இப்படித்தான் எழுப்புகிறார்கள். ஆபீஸ்காரன் அதட்டி யாரும் எழுந்ததில்லை, பிள்ளைகளுக்காகத்தான் எழுந்து நின்றோம். கொக்கியிலிருந்து கையை எடுத்தேன்.

"உக்காரும்மா. நீ உக்காந்தாத்தான் வண்டி போகும்" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத விரும்பவில்லை.

ஐந்தாவது நிறுத்தத்தில் சூப்பர்வைசரே கூப்பிட்டார். இந்தத் தடவை எடுத்தேன்.

"என்னங்கம்மா பண்றீங்க? வண்டி ஏன் நிக்கிது?"

"நான் உக்காந்தாத்தான் வண்டி நகரணும் சார். ரூலு."

"வெளையாடாதீங்க. வண்டிய எடுக்கச் சொல்லுங்க. ஓடறப்ப எந்திரிச்சுப் போயி பெல்ட்டப் பாத்துக்கங்க."

"சரிங்க சார். இதையே மெசேஜ்ல போட்டுருங்க, எந்திரிக்கிறேன்."

போனை வைத்துவிட்டார். டிரைவர் என்னைப் பார்த்தார், நான் போனைப் பார்த்தேன். சூப்பர்வைசர் ஏதோ தட்டிக்கொண்டிருப்பதாகத் திரை காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. அந்த நேரத்தில் அவருக்கு எத்தனை அம்மாக்கள் போன் பண்ணிக்கொண்டிருந்தார்களோ. ஓய்வில் இருப்பது ஓய்விலேயே இருக்கும், வெளியிலிருந்து ஒரு விசை வருகிற வரைக்கும். செய்தி வந்தது. வண்டியை உடனே எடுக்கவும், ஓடும்போதே நின்று பெல்ட் போடவும், தாமதம் கூடாது. இங்கிலீஷில், மூன்றே வரி. கீழே அவர் பெயர், நேரம்.

பிள்ளைகளுக்கு பெல்ட் போட்டு முடித்தேன். உட்கார்ந்தேன். எழுந்திருப்பதாகச் சொன்ன வார்த்தையைக் காப்பாற்றவில்லை. அதற்காக இன்றுவரை வருத்தப்பட்டதில்லை. பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தபோது முதல் பீரியட் பாதி முடிந்துவிட்டது. அந்தப் பெண் என்னைத் திரும்பிப் பார்க்காமல் இறங்கி ஓடினாள். இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. அது அவளுடைய நியாயம்.

அன்று மத்தியானம் ஃபார்மை எடுத்தேன். காரணம் என்ற கட்டத்தில் அச்சடித்திருந்ததை அடித்துவிட்டு, அந்தச் செய்தியை ஒரு எழுத்து விடாமல் பார்த்து எழுதினேன். நேரத்தையும் எழுதினேன். கீழே கையெழுத்துப் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் படித்தார். படிக்கப் படிக்கக் காது சிவந்தது.

"இது இன்னைக்கு அனுப்புனதுங்க. நீங்க விழுந்தது போன வாரம்" என்றார்.

"போன வாரம் வாயால சொன்னீங்க சார். இன்னைக்கு எழுதிக் குடுத்தீங்க."

ஃபார்மை மேஜை டிராயரில் வைத்து மூடினார். அதோடு குத்தியிருந்த இரண்டாவது எச்சரிக்கைக் கடிதம் அதற்குப் பிறகு வெளியே வரவே இல்லை. ஒப்பந்தம் புதுப்பித்தார்கள். தவறு என்று ஒரு வார்த்தை யாரும் சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. அடுத்த வாரம் புதிய நேரப்பட்டியல் வந்தது. ஒரு நிறுத்தத்துக்கு மூன்று நிமிஷம். முதல் நிறுத்தம் கால் மணி நேரம் முன்னால். பிள்ளைகள் இன்னும் தூக்கக் கலக்கத்தோடு ஏறுகின்றன. ஆனால் நான் உட்கார்ந்த பிறகுதான் வண்டி நகர்கிறது. என் வீட்டுக்காரர்கூட, பரவாயில்லையே என்றார்.

பட்டியலைத் திருப்பிப் பார்த்தேன். எங்கள் ரூட்டின் எண் மட்டும்தான் அதில் இருந்தது.

"மத்த வண்டிக்கெல்லாம் சார்?"

"உங்க பிரச்சினை முடிஞ்சுதுங்களே. கலாஸ். இன்னும் எதுக்குங்க?" என்றார்.

இன்னும் எதற்காம். அவர் டிராயரில் அந்தப் பொம்மையும் கிடந்தது. டிராயரைத் திறந்தபோது பார்த்தேன்.

போன வாரம் காலையில் சிக்னலில் நின்றோம். பக்கத்து வரிசையில் எங்கள் கம்பெனியின் இன்னொரு பஸ் வந்து நின்றது. அதே பச்சை மேல்சட்டையில் ஒருத்தி, டிரைவருக்கு முதுகு காட்டி, ஒரு கையால் சீட்டைப் பிடித்துக்கொண்டு, ஒரு குழந்தைக்கு பெல்ட் மாட்டிக்கொண்டிருந்தாள். சிக்னல் மாறப்போகிறது. நான் என் சீட்டில் பெல்ட்டோடு உட்கார்ந்திருந்தேன். கண்ணாடியில் பலமாகத் தட்டினேன். உட்காரு, உட்காரு என்று கையைக் கீழே காட்டினேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். வணக்கம் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது. சிரித்துக்கொண்டே, சீட்டைப் பிடித்திருந்த கையை எடுத்து எனக்கு ஆட்டினாள்.